டாப்ளரில் தெரியாத சவ்வு

மார்ச் 3, 2025

இன்று அதிகாலையில் 39 வயதுப் பெண் ஒருவரை, வலக்கை செயலிழந்து பேச்சும் குழறிய நிலையில், அவருடைய அண்ணன் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அறிகுறி தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. எனவே நான்கரை மணி நேரக் கெடுவுக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. மதியத்துக்குள் தன் பெயரையும் மகளின் பெயரையும் தெளிவாகச் சொன்னார்.

என்னை உறுத்துவது, இது அவருக்கு இரண்டாவது பக்கவாதம் என்பதுதான். ஒன்றரை ஆண்டுக்கு முன் வேறோர் ஊரில் எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்ட்டர் (நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதிவது), கழுத்து டாப்ளர் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) எல்லாம் எடுத்து, எல்லாம் இயல்பாக இருந்ததால் ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி, ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன் கேட்டார்: “சுகர் இல்ல, பிரஷர் இல்ல, ஒரு நாள்கூட மாத்திரைய விடல. அப்புறம் எப்படி டாக்டர் மறுபடியும் வருது?” இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தர வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

மார்ச் 4

பழைய எம்ஆர்ஐ படங்களையும் புதியவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில்தான். இதயத்திலிருந்து கட்டி புறப்பட்டிருந்தால் இரு பக்கங்களிலும் சிதறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப அடிபட்டால், அந்தப் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் என்னும் கழுத்துத் தமனியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நேற்று எடுத்த சிடி ஆஞ்சியோகிராமின் (சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். தாடை எலும்பின் கோணத்துக்குச் சற்றுக் கீழே, பொதுக் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிந்து, உட்கரோட்டிட் தமனி தொடங்கும் புடைப்பான இடத்தில், வெள்ளையாகத் தெரியும் ரத்த ஓட்டத்தை ஒரு மெல்லிய கருங்கோடு இரண்டாக வகுத்தது. ஒரே ஒரு படத்தில் இருந்திருந்தால் இயந்திரக் கோளாறு என்று கடந்திருப்போம். அடுத்த இரண்டிலும் இருந்தது. கதிரியக்க மருத்துவர் அதே படங்களைப் பக்கவாட்டுச் சாய்வில் மறுஉருவாக்கினார். தமனியின் பின்சுவரிலிருந்து உள்நோக்கி நீண்ட சவ்வு அப்போது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இதுதான் கரோட்டிட் வெப்.

மார்ச் 6

உறவினர்களிடம் நான் விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொழுப்புப் படிந்து வரும் அடைப்பு அன்று இது. தமனியின் உள்ளுறையில் நார்த்திசுவும் மென்தசையும் தடித்து உருவாகும் சவ்வு. நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு எனப்படும் தமனி நோயின் ஓர் அரிய வடிவமாகவே இதைப் பெரும்பாலும் கருதுகிறார்கள். வாய்க்காலில் குறுக்கே நீட்டிய பலகைக்குப் பின்னால் நீர் சுழன்று தேங்குவதுபோல, சவ்வுக்கு மேல்புறத்தில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது. உறைந்த துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகிறது.

டாப்ளர் இதைத் தவறவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பரிசோதனை முக்கியமாகத் தேடுவது கொழுப்புப் படிவையும், குறுகிய இடத்தில் கூடும் ரத்த வேகத்தையும். வெப் பெரும்பாலும் தமனியைப் பாதியளவுகூடக் குறுக்குவதில்லை, ஆகவே வேகம் கூடுவதில்லை, அறிக்கையும் இயல்பென்றே வருகிறது. இளம் வயதுப் பக்கவாதத்தில் ‘டாப்ளர் நார்மல்’ என்ற ஒரு வரியைக் கொண்டு கழுத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடக் கூடாது என்பதை நான் மாணவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் அது மிகையாகாது.

மார்ச் 8

நெதர்லாந்தில் பெரிய தமனி அடைபட்டுச் சிகிச்சை பெற்ற பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பாதிக்கப்பட்ட பக்கத்தில் வெப் இருந்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது. வெப் இல்லாதவர்களில் அது 3 சதவீதம். வெப் இருந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர்தான் என்பதால் அந்த எண்ணை நிதானத்துடன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும், வெப் இருந்த இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மருந்து மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது என்பது என் எதிரே படுத்திருக்கும் பெண்ணின் கதையோடு பொருந்துகிறது.

மார்ச் 11

கழுத்து வலியோடும் ஒரு பக்க இமை சரிந்தும் வந்த இளைஞர் ஒருவருக்கு உட்கரோட்டிட் தமனியின் சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. அது வேறு நோய், இளையோரிடம் இதைவிட மிகுதியாகக் காண்பது. பெரும்பாலும் மருந்திலேயே ஆறிவிடும். வெப் தானாக மறைவதில்லை.

மார்ச் 13

ரத்தநாள அறுவை மருத்துவரும் நானும் குடும்பத்தாருடன் அமர்ந்து பேசினோம். ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்துச் சவ்வைச் சுவரோடு அழுத்திவிடலாம். கழுத்தில் தழும்பு இருக்காது, ஆனால் சில மாதங்களுக்காவது இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் தேவைப்படும். அறுவையில் சவ்வை வெட்டி எடுத்துவிடலாம்; அருகிலுள்ள நரம்புகள் அடிபடக்கூடிய சிறு அபாயம் உண்டு. இரண்டிலுமே சிகிச்சையின்போதே பக்கவாதம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் கையில் இல்லாத நிலையில், முடிவு நோயாளியுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர் நீண்ட நேரம் யோசித்து, அறுவையைத் தேர்ந்தெடுத்தார். “அது உள்ளேயே இருக்க வேண்டாம், அண்ணா” என்று மெதுவாக, ஆனால் ஒரு சொல்லும் குழறாமல் சொன்னார்.

மார்ச் 18

அறுவை நடந்தது. இடுக்கியின் முனையில் அறுவை மருத்துவர் காட்டிய சவ்வு வெண்மையாக, வழவழப்பாக, சிறுவிரல் நகத்தைவிடச் சிறிதாக இருந்தது. மஞ்சள் கொழுப்பின் சுவடே இல்லை. அதன் மேற்புற மடிப்பில் கருஞ்சிவப்பு உறைவு ஒன்று ஒட்டியிருந்தது. அது இன்னொரு பக்கவாதமாக மாறியிருக்கக்கூடும் என்ற நினைப்பில் நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

ஏப்ரல் 19

திசு அறிக்கை, உள்ளுறையின் நார்த்தடிப்பு என்பதை உறுதி செய்தது. அவர் தையல் வேலைக்குத் திரும்பிவிட்டார்; ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் விரல்கள் தடுமாறுகின்றன. ஆஸ்பிரின் தொடர்கிறது.

எங்கள் பிரிவில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். 60 வயதுக்கு உட்பட்டு, காரணம் தெரியாத பக்கவாதத்துடன் வருபவர்களுக்குப் பெருந்தமனி வளைவிலிருந்து உச்சந்தலை வரை சிடி ஆஞ்சியோகிராம் எடுப்பதோடு, கரோட்டிட் பிரியும் இடத்தைப் பக்கவாட்டுச் சாய்விலும் மறுஉருவாக்கிப் பார்க்க வேண்டும். பழைய கோப்புகளில் ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்று முடிந்தவற்றை அடுத்த வாரத்திலிருந்து முதுநிலை மாணவர்கள் மீண்டும் எடுத்துப் பார்க்கிறார்கள்; படங்கள் சேமிப்பில் இருப்பவர்களின் கோப்புகளிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.