தவக்காலத்துப் பெரிய தியானம்

பழைய மாணவர் ஒன்றுகூடலில் கதை எப்போதும் கூடைப்பந்தில்தான் போய் நிற்கும். எந்த வருடம் யாரை வென்றோம் என்று இரவு பத்து மணி தாண்டியும் பேசுவோம். சூசையப்பர் கல்லூரியில் படித்த நமக்கு இயேசு சபைக் குருக்கள் தந்த இன்னொன்றும் இருக்கிறது: உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் திருகோணமலையில் நடந்த பெரிய தியானம். அதைப்பற்றி இந்த மலரில் எழுதவேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

நான் சொல்வது எழுபதுகளை. மாரி விட்டு, கடல் அடங்கி, பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நேரம். வியாழன் பின்னேரம் தொடங்கி ஞாயிறு பூசையோடு முடியும். மூதூரிலிருந்து லோஞ்சில் வருவார்கள். நிலாவெளி, உப்புவெளி, பாலையூற்றுச் சனம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து கிடுகுப் பந்தலுக்குள் பாய் விரிக்கும். கடற்கரைச் சனம் அந்த நாட்களில் தோணி இறக்காது. கடல் தரத் தொடங்கும் பருவத்தில், அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் அப்படிக் கரையில் நிற்பது சின்ன விசயமல்ல.

இதற்கெல்லாம் அடிப்படை, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூல். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் எழுதத் தொடங்கினார். 1548இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அதை அங்கீகரித்தார். முழுமையாகச் செய்தால் முப்பது நாள். ஒரு ஆள், வழிகாட்ட ஒருவர், மிச்சமெல்லாம் மௌனம். நமது ஊரில் அதைச் சில நாட்களுக்குச் சுருக்கி, ஊரையே கூட்டிவைத்துச் செய்தார்கள். ஆழம் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நற்செய்தியில் வரும் இடத்தை முதலில் மனக்கண்ணில் நிறுத்து, பார், கேள், மணத்தையும் உணர் என்பது இஞ்ஞாசியாரின் முறை. கொட்டியாரக் குடாவின் கரையில் வளர்ந்தவர்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுக்கவேண்டும்? ஒரு முறை பிரசங்கியார் லூக்கா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தார். இராயப்பரும் (பேதுரு) கூட்டாளிகளும் இரா முழுக்கப் பாடுபட்டும் மீன் படவில்லை. ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார் ஆண்டவர். கீழ்ப்படிதல் பற்றிச் சுவாமி நன்றாகவே பேசினார். அப்புறம், பேச விட்ட கொஞ்ச நேரத்தில், கஞ்சி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வயதான மீனவர் சொன்னார்:

"தம்பி, சுவாமி ஒண்டை விட்டுட்டார். அவங்கள் அப்ப வலை கழுவிக்கொண்டு நிண்டவங்கள். வலை கழுவியாச்செண்டால் அண்டைக்குத் தொழில் முடிஞ்சுது. கழுவின வலையைத் திரும்பத் தோணியில ஏத்தெண்டு சொன்னால் எவனுக்கும் கோவம் வரும். இராயப்பர் ஏத்தினார் பார்."

வலை கழுவியது அந்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ விரிவுரைகள் கேட்டுவிட்டேன், அவ்வளவு தெளிவாக ஒருவரும் விளக்கவில்லை. ஊராகச் சேர்ந்து தியானம் செய்ததன் பலன் இதுதான். குரு தருவது பாதி, பக்கத்தில் இருப்பவர் தருவது பாதி.

அந்த மௌனத்தையும் சொல்லவேண்டும். கைக்குழந்தை அழும், கிடாரத்தில் அகப்பை உரசும், காகம் கத்தும். பெரியவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவார்கள். வேலி வழக்கில் வருடக்கணக்காக முகம் பாராத இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்துப் பாயில் இருந்து, ஒருவருக்கொருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டியதை நான் கண்டேன். பேச்சு இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது. 2012 வரை மட்டக்களப்பும் நாமும் ஒரே மறைமாவட்டம் என்பதால் அங்கிருந்தும் சுவாமிமார் வந்து மரங்களின் கீழ் கதிரை போட்டு இருப்பார்கள். வெளியூர்ச் சுவாமிக்கு முன்னால்தான் வரிசை நீளும். மனிதர்களுக்கு அந்த வசதி வேண்டும். பங்குச் சுவாமிமாரும் அதை அறிந்து, மனம் நோகாமல் அங்கேயே அனுப்பிவைத்தார்கள்.

சைவ நண்பர்களை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கோணேசர் கோயிலில் சிவராத்திரிக்குக் கண்விழித்தவன் இங்கே வந்து விறகு சுமந்தான். கோணேசர் நகர்வலம் வந்தபோது நாங்களும் தண்ணீர்ப்பந்தலில் நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

எண்பதுகளில் ஊரடங்கு வந்தபின் இரவு ஆராதனை நின்று, எல்லாம் பகலோடு முடிவதாக அக்கா கடிதத்தில் எழுதியிருந்தார். அப்போது நான் கனடாவுக்கு வந்துவிட்டேன்.

ரொறன்ரோவிலும் தவக்காலத் தியானம் நடக்கிறது. நல்ல பிரசங்கிகள் வருகிறார்கள், பாட்டும் நன்றாக இருக்கிறது. மௌனத்துக்குத்தான் நேரமில்லை. ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

சரி, ஒரு வேண்டுகோள். அந்த நாட்களில் மாணவர்களாகிய நாங்கள் பிரசங்கக் குறிப்புகளைக் கொப்பியில் எழுதி வைத்தோம். என்னுடையது இடம்பெயர்வில் போய்விட்டது. உங்கள் யாரிடமாவது ஒன்று மிஞ்சியிருந்தால், கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, படமெடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.