மலையில் இழுக்காத டீசல் காரும் ஒரு பூஸ்ட் சென்சாரும்

ஸ்கேனரில் பி0299 என்ற பழுதுக் கோட் வந்தவுடன், புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை மாற்றச் சொல்லும் வழக்கம் வொர்க்ஷாப்புகளில் பரவலாக இருக்கிறது. அந்தக் கோட் சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் கணினி கேட்ட அளவுக்குப் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், வந்ததாக அதற்குத் தெரியவில்லை. அழுத்தமே வரவில்லையா, வந்தும் அதை அளக்கும் சென்சார் சரியாகச் சொல்லவில்லையா என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. கோயம்புத்தூரில் டீசல் வண்டிகளைப் பார்த்துவரும் எனக்கு இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டியது, குன்னூருக்கு வாடகைக்குப் போய்வரும் ஒரு கார்.

வேறோர் இடத்தில் டர்போ போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். பெரிய செலவு என்பதால் உரிமையாளர் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று எங்களிடம் கொண்டுவந்தார். "நேர் ரோட்டுல ஒண்ணும் இல்லைங்க. மலையில வளைவு திரும்பி மிதிச்சாத்தான் இழுக்க மாட்டேங்குது. ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடி சரியாயிடுது" என்றார். வண்டி ஓட்டுபவர் சொல்லும் இத்தகைய விவரத்தை நான் ஸ்கேனர் தரும் தகவலுக்கு இணையாகவே மதிக்கிறேன். டர்போவே பழுதாகியிருந்தால் சமதளத்திலும் பாரமேற்றும்போது இழுவை குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குப் பின் மட்டும் ஏன் குறைகிறது என்ற கேள்வியிலிருந்துதான் நான் தொடங்கினேன்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் புகை செலுத்திப் பார்த்ததில் கசிவு இல்லை. டர்போவின் தண்டில் ஆட்டம் இல்லை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேக்குவம் ஆக்சுவேட்டரும் தடையின்றி நகர்ந்தது. அடுத்து, இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, பூஸ்ட் சென்சார் காட்டும் அளவைப் பார்த்தேன். அந்த நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று அதிக உயரத்திலுள்ள கோவையில் அது ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல். சென்சாரும் அதையே காட்டியது. கனெக்டரில் 5 வோல்ட் சப்ளை சரியாக இருந்தது; எர்த் ஒயரில் இழப்பு 0.05 வோல்ட்டுக்கும் குறைவு. பலர் இத்துடன் சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சோதனை அசையாமல் நிற்கும் அழுத்தத்தை மட்டுமே அளக்கிறது; மாறும் அழுத்தத்தைச் சென்சார் எவ்வளவு விரைவாகப் பின்தொடர்கிறது என்பது இதில் தெரியாது.

ஆகவே இன்டர்கூலருக்குப் பின்னுள்ள ஹோஸில் ஒரு முள் கேஜை இணைத்து, ஸ்கேனரையும் ஓடவிட்டு, வண்டியைப் பாரத்துடன் ஓட்டிப் பார்த்தோம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கேஜ் முள் விரைவாக 1.2 பாரை, அதாவது 120 கிலோபாஸ்கலை, தொட்டது. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் அது 216 கிலோபாஸ்கல். அதே நேரத்தில் ஸ்கேனரில் சென்சாரின் அளவு 150-ஐக்கூட எட்டாமல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சீரான வேகத்தில் சிறிது நேரம் போனால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சமதளத்தில் குறை தெரியாததற்கும், வளைவில் வேகம் குறைந்து மீண்டும் மிதிக்கும்போது மட்டும் கோட் விழுந்ததற்கும் காரணம் அங்கேயே விளங்கிவிட்டது.

இதில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இழுவைக் குறைவு அன்று. அழுத்தம் போதவில்லை என்று நம்பிய கணினி, டர்பைனைச் சுற்றியுள்ள நகரும் இதழ்களை மேலும் மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுழலச் சொல்லிக்கொண்டே இருந்தது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியவை. 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் வெளிக்காற்றின் அழுத்தமே 80 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும் என்பதால், அதே அழுத்தத்தைத் தர டர்போ அங்கே கூடுதலாகவே உழைக்கிறது. அந்த நிலையில் பொய்யான அளவை நம்பி அதை மேலும் விரட்டினால், நன்றாக இருக்கும் டர்போவும் காலப்போக்கில் கெட்டுவிடும். அதற்குமுன் கணினி லிம்ப் மோடுக்குப் போய் இன்ஜினின் சக்தியைக் குறைத்துக்கொண்டது நல்லதாகவே ஆயிற்று.

சென்சாரைக் கழற்றியபோது அதன் வாய்த்துளையை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த பிசின் ஏறக்குறைய அடைத்திருந்தது. ஊசித் துளையளவு வழி மட்டும் மிஞ்சியிருந்ததால், நின்ற நிலையில் அழுத்தம் மெல்ல உள்ளே சென்று சமமாகிவிடுகிறது. கனெக்டரை இணைத்தபடியே வாயில் கைப்பம்பின் ரப்பர் குழாயைப் பொருத்தி அழுத்தம் கொடுத்தபோது, உடனே உயர வேண்டிய சிக்னல் வோல்டேஜ் ஊர்ந்துதான் ஏறியது. வாயிலிருந்த கரியை மட்டும் மெதுவாக நீக்கிவிட்டு மீண்டும் சோதித்தேன். இப்போது வேகம் வந்துவிட்டது; ஆனால் அழுத்தத்தை விடுவித்த பிறகு, அளவு வெளிக்காற்றின் அழுத்தத்துக்குத் திரும்பாமல் 9 கிலோபாஸ்கல் கூடுதலாகவே நின்றது. உள்ளே அழுத்தத்துக்கு வளையும் சிலிக்கான் தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு வரை பிசின் போயிருக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை உள்ளே அடித்துப் பார்க்கலாம் என்று உடனிருந்தவர் சொன்னார். அந்த ரசாயனம் பூச்சையே கெடுத்துவிடும் என்பதால் நான் இணங்கவில்லை. புதிய சென்சாரைப் புதிய ஓ-ரிங்குடன் பொருத்தினேன். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

பிசின் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வண்டியைக் கொடுத்தால் புதிய சென்சாரும் அதே கதிக்கு ஆளாகும். இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர். வழியாக வரும் கரி படிவது டீசல் வண்டிகளில் இயல்பானது. எண்ணெய் மிகுதியாகச் சேரும்போதுதான் அது பிசினாகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்தபோது ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. அதில் டீசல் வாடை இல்லை; டீசல் கலந்து அளவு உயரவில்லை என்று பொருள். கடைசி சர்வீஸில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள், அந்த மிகுதி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்கு அனுப்பும் பிரீதர் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டிருக்கிறது. ஆயிலைச் சரியான அளவுக்குக் குறைத்து, இ.ஜி.ஆர். வால்வையும் மேனிஃபோல்டையும் சுத்தம் செய்தோம். பிறகு உரிமையாளரையே ஓட்டச் சொல்லிக் குன்னூர் பாதையில் பர்லியார் வரை சென்றோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்குப் பின்னும் கணினி கேட்ட அழுத்தமும் சென்சார் காட்டிய அழுத்தமும் ஸ்கேனரில் ஒட்டியே ஏறின. கோட் திரும்ப வரவில்லை. இனி இ.ஜி.ஆர். சுத்தம் செய்யும்போதெல்லாம் பூஸ்ட் சென்சாரின் வாயையும் பார்க்க வேண்டும் என்று அவருடைய பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.