வீட்டை போவம்

அம்மா கடைசி மூன்று வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை, எப்ப வீட்டை போறது?" பொழுது சாயும் நேரத்தில்தான் கேட்பார். சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் போவதை 'வீட்டை போறது' என்றுதான் சொல்வோம். நான் ஒவ்வொரு முறையும் "இதுதானம்மா வீடு" என்று திருத்துவேன். அப்படித் திருத்தியிருக்கவே கூடாது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

நாங்கள் வந்தது 1990ல். அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும், யாழ்ப்பாணத்தில் ராணுவத் தளம் இருந்த பலாலியைச் சுற்றியிருந்த ஊர்ச்சனமெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. எங்கள் ஊர் கட்டுவன். செம்மண், வாழை, வெங்காயம், பத்தடிக்கு ஒரு கிடுகு வேலி. அம்மா அன்றைக்கு எடுத்தவை கொஞ்ச நகை, என் சான்றிதழ்கள், காணி உறுதி (இங்கே நிலப் பத்திரம் என்பார்கள்), அவ்வளவுதான். வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, அவர் பெயரில்தான் உறுதி. அதை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் மன்னார்ப் பக்கம் பேசாலையில் படகேறினார். ராமேஸ்வரத்தில் இறங்கி, கொஞ்ச நாள் மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் லண்டனில் இருந்த அண்ணா அனுப்பிய காசில் சென்னைக்கு வந்தோம். அப்போது எனக்கு 27 வயது. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து அம்மா ஒரு நல்ல பாத்திரம்கூட வாங்க விடவில்லை.

1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எங்களுக்கு வீடு கிடைப்பது நின்றே போனது. அட்வான்ஸ் பத்து மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறேன், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை கதைத்ததுமே "சிலோனா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதற்காகவே 'கதைக்கிறது' என்பதை விட்டுப் 'பேசுறது' என்று சொல்லப் பழகினேன். அம்மா கடைசிவரை பழகவில்லை. காவல் நிலையத்தில் பதிவு, விசாரணை, மறுபடி பதிவு என்று அந்த வருடங்கள் போயின.

மூன்றாவதாகக் கிடைத்த வீட்டில்தான் மூச்சு விட்டோம். ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் கீழ் போர்ஷன், பின்னால் ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். கிணற்றைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அங்கே பன்னிரண்டு வருடம் இருந்தோம். கல்யாணம் ஆனதும் அங்கேதான், மகன் பிறந்து தவழ்ந்து நடந்ததும் அந்தச் சிவப்புத் தரையில்தான். பிட்டுக்கு மா வறுக்கிற வாசனைக்குப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலால் கிண்ணத்தை நீட்டுவார், நாங்கள் கேட்காமலே மோர்க்குழம்பு அங்கிருந்து வரும்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பது கட்டுவன் வீட்டைத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். ராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை விட்ட பிறகு மச்சான் ஒருவர் போய் வீடியோ அனுப்பினார். கூரை இல்லை, கதவு ஜன்னல் நிலை எதுவும் இல்லை, குசினிக்குள் பூவரசு வளர்ந்து நிற்கிறது, கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. அழுவார் என்று பயந்துகொண்டுதான் காட்டினேன். அம்மா அமைதியாகப் பார்த்துவிட்டு, "ஆற்றை வீடு இது?" என்று கேட்டார், யாருடைய வீடு என்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் திருத்தாமல், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா சொல்லத் தொடங்கினார். தலைவாசல் திண்ணையில் அப்பு சுருட்டோடு இருக்கிறார், ஆச்சி பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயப்போடுகிறார், கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலில் மேளம் கேட்கிறது, இருட்டுவதற்குள் போகாவிட்டால் ஏச்சு விழும். அது அளவெட்டி. கல்யாணத்துக்கு முன் அவர் இருந்த வீடு, நான் பிறப்பதற்கு முன்பே கைமாறிப்போன வீடு. முப்பது வருடமாக வயிற்றிலும் அலமாரியிலும் வைத்துக் காத்த உறுதி இந்த வீட்டுக்கு இல்லை. அன்றிலிருந்து அவர் கேட்டால், "நாளைக்கு வெள்ளன போவம் அம்மா, இண்டைக்கு இருட்டிப் போச்சு" என்பேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட வந்துவிடுவார். மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில் அது, தெரிய வெகு நாள் ஆகிவிட்டது.

அம்மா போனது 2019 செப்டம்பரில். அந்த நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் விட்டார்கள், ஒன்றரை மணி நேரப் பயணம். நடுவில் கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்கு அது எட்டாத தூரம். அகதிப் பதிவில் இருப்பவள் போனால், திரும்பி மகனிடம் வர முடியுமா என்பது நிச்சயமில்லை. மகன் சென்னையில் பிறந்தவன், பேச்சும் சென்னைப் பேச்சு. ஆனாலும் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவன் என்பதால், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. நானும் இல்லை, அவன் அப்பாவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அண்ணாவின் பிள்ளைகள் கட்டுவன் காணியை விற்கலாமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லவில்லை. எனக்கு இப்போது 62 வயது, இரவில் கனவு வருகிறது, கனவில் நான் கட்டுவனில் இல்லை. வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிற அந்தக் கீழ் போர்ஷனில் கிணற்றடியில் நின்று மகனைக் குளிக்க வார்க்கிறேன். போன மாதம் அந்தத் தெருவுக்கு நடந்து போனேன். ஐந்து மாடி அடுக்ககம் நிற்கிறது, கிணறு இருந்த இடத்தில் கார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் சுவர் மட்டும் பழைய சுவர். அவர் என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "பிட்டு சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா" என்றார்.

அன்றிரவு மகனிடம் சொல்லிவைத்தேன். எனக்கும் அம்மாவைப் போல ஆகி, வீட்டை போகவேணும் என்று கேட்டால் திருத்தாதே, உறுதியை எடுத்துக் காட்டாதே. இருட்டிப் போச்சு, நாளைக்குப் போவம் என்று சொல்லு. முடிந்தால் அந்தத் தெரு வரைக்கும் ஒரு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போ.