வவுனியாவின் கணிதப் பேராசிரியர்

இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வவுனியாத் தொகுதியில் 1947 பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக வென்ற செல்லப்பா சுந்தரலிங்கம், உரும்பிராயில் பிறந்த கணிதப் பேராசிரியர். பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரான அவர், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை தொடர்பான சட்டமூலத்துக்கு வாக்களிக்க மனமின்றிச் சபையை விட்டு வெளியேறி, 1948 இறுதியில் அமைச்சையும் துறந்தார். தேசியக் கொடி விவகாரத்தில் 1951இல் ஆசனத்தையே துறந்தபோது, இடைத்தேர்தலில் வவுனியா வாக்காளர் அவரையே திருப்பி அனுப்பினர். அந்தப் பிடிவாதம் இங்கே பிடித்திருந்தது போலும். பின்னர் தனித் தமிழ் அரசைக் கோரிய அவர், 1960 மார்ச் தேர்தலில் தோற்றார்.

எங்கள் பெரியவர்கள் இதுவரைதான் பெருமையோடு சொல்வார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதை முன்னின்று எதிர்த்தவரும் அவரே. பிறர் குடியுரிமைக்காகப் பதவி துறந்தவரையும் கோயில் வாசலை மறித்தவரையும் ஒரே மனிதராக எண்ண எனக்கு இன்னும் இயலவில்லை.