சேரின் இரண்டு தொகுதிகள்

எங்கள் விலங்கியல் சேர் காலமான செய்தி மார்ச் மாதத்தில் வந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று செயலாளர் கேட்டார். பெயரை நான் எழுதவில்லை, பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. உயர்தர விலங்கியல் என்றால் யாரைச் சொல்கிறேன் என்பது நம்மில் எந்த ஆண்டுக்காரருக்கும் விளங்கும்.

தேரை வெட்டிய செய்முறை வகுப்புகளையும் மெழுகுத் தட்டுகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது அவருடைய மேசையில் கபிலத் தாள் உறை போட்டு இருந்த இரண்டு புத்தகங்களைப் பற்றி. குஞ்சலால் பிஷக்ரத்னா என்ற வங்காள வைத்தியர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சுஸ்ருத சம்ஹிதை அது, சுஸ்ருதர் பெயரில் வழங்கும் பழைய இந்தியச் சத்திரசிகிச்சை நூல். 1907 முதல் கல்கத்தாவில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. சேரிடம் முதல் இரண்டு மட்டும் இருந்தன. மூன்றாவதைக் கொழும்பிலும் சென்னையிலும் தேடிக் களைத்துப்போனதாகச் சொல்வார்.

பாடத்திட்டத்தில் சுஸ்ருதர் இல்லை. ஒரு தவணை ஆய்வுகூடத்தில் தேரையை மயக்கும் குளோரோபோம் தீர்ந்துபோய், புதிதாக வரவும் வழியில்லாதபோதுதான் அவர் எங்கள் வகுப்புக்குள் வந்தார். சேர் செய்முறையை நிறுத்தவில்லை. மறுநாள் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு நிறையக் கெக்கரிக்காயும் சுரைக்காயும் கொண்டுவந்து இறக்கினார். அப்புறம் முதல் தொகுதியை விரித்து, சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்தார். வைத்தியம் கற்க வந்த மாணவன் மனித உடலில் கத்தி வைக்கும் முன் எதில் பழக வேண்டும் என்பதுதான் அந்த அத்தியாயம். வெட்டப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. நாளம் திறக்க இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். சுரண்டுவதற்கு மயிர் நீக்காமல் இழுத்துக் கட்டிய தோல். உள்ளே தைத்திருப்பதைப் பிடுங்கி எடுக்கப் பலாப்பழமும் வில்வப்பழமும் செத்த விலங்கின் பல்லும். தையலுக்குத் தடித்த துணியின் விளிம்பு. கட்டுப் போடுவதற்கு ஆளளவில் செய்த பொம்மை. எல்லா நூலும் படித்திருந்தாலும் கை பழகாதவன் தொழிலுக்குத் தகுதியில்லாதவன் என்று அந்த அத்தியாயம் தெளிவாகவே சொல்கிறது.

“தம்பி, கையை அவசரப்படுத்தாதை. தோல் மட்டும் வெட்டுப்படவேணும், சதை தெரியக்கூடாது” என்று என் பின்னால் நின்று சொன்னார். இன்று லண்டனில் இளம் வைத்தியர்களுக்குத் தையல் பழக்கும்போது சிலிக்கோன் தட்டுகளைக் கொடுக்கிறோம். கருவி மாறியிருக்கிறது. பழக்கும் ஒழுங்கு அதேதான். நோயாளியின் வலியில் ஒருவன் தொழில் கற்கக் கூடாது என்ற அக்கறை, இத்தனை நூற்றாண்டுக்கு முன் இவ்வளவு விபரமாக எழுதப்பட்டதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவை எங்கள் வகுப்பு மறக்காது. பிரதம விருந்தினர் மேடையில், நம் முன்னோர்கள் அறியாத விஞ்ஞானமே இல்லை, இன்றைய வைத்தியம் முழுவதும் பழைய ஏடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது. சேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் முதல் பாடத்தில் எலும்புக்கூட்டை வகுப்பின் நடுவில் நிறுத்தினார். “எண்ணுங்கோ” என்றார். வளர்ந்த மனிதனுக்கு 206. பிறகு கரும்பலகையில் சுஸ்ருதர் 300, இன்னொரு பழைய வைத்திய நூலின் சரகர் 360 என்று எழுதினார். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏன் இந்த வித்தியாசம் என்று அவரே விளக்கினார். சரகரின் கணக்கில் பற்களும் நகங்களும் சேர்கின்றன. சுஸ்ருதரின் கணக்கில் பற்களும் குருத்தெலும்புகளும் சேர்கின்றன. அவர்கள் எதை எலும்பு என்று கொண்டார்கள் என்று பார்த்தால் கணக்கு எங்கே கூடுகிறது என்பது விளங்கும்.

“எழுதியிருக்கிறதை மட்டும் சொல்லுங்கோ. கூட்டியும் சொல்லவேண்டாம், குறைச்சும் சொல்லவேண்டாம். கூட்டிச் சொன்னால் அந்த மனிசர் உண்மையாப் பட்ட பாடு மறைஞ்சுபோகும்.”

அந்தப் பாடு என்னவென்று காட்டத்தான் இரண்டாம் தொகுதியை எடுத்தார். உடலமைப்பைச் சொல்லும் சாரீரஸ்தானம், ஐந்தாம் அத்தியாயம். நஞ்சாலோ நெடுநோயாலோ இறக்காத, மிகவும் முதுமை அடையாத ஒருவரின் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு இரவு ஊறவிட வேண்டும். பிறகு வேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, தோலில் தொடங்கி உள்ளுறுப்பு வரை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகத்தில் ஒருவர் இதை எழுதி, மாணவரைச் செய்யவும் சொல்லியிருக்கிறார். மேடையில் கேட்ட எந்தப் பெருமையையும் விட அது எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று கேட்டால் சேர் ஓர் ஆண்டைச் சொல்லமாட்டார். பல நூற்றாண்டுகளில் பல கைகள் சேர்த்த நூல், ஓர் ஆண்டைக் கேட்காதே என்பார்.

காசிக்காரரான சுஸ்ருதருடைய நூல் நமக்கு எதற்கு என்று ஒருவன் கேட்டான். சேர் கோபப்படவில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பாறையில் வெட்டிய இரண்டாம் கட்டளையைச் சொன்னார். மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம், மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நடுதல், இவையெல்லாம் ஏற்பாடான நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள், தாம்பிரபரணி என்று நம்முடைய இலங்கைத் தீவும் வருகிறது.

மூக்கைத் திருத்தும் சிகிச்சையிலும் அவர் இதே கண்டிப்புத்தான். சுஸ்ருதர் மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுக்கச் சொல்கிறார். 1794-இல் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ இதழில் வெளியான கடிதம் சொல்வது வேறு முறை. திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டு மூக்கு அறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, புனே அருகில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார். இந்த முறையைப் பின்பற்றி 1814-இல் லண்டனில் கார்ப்யூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்து, 1816-இல் நூலாக வெளியிட்டார். கன்னம் வேறு, நெற்றி வேறு, இடையில் என்ன நடந்தது என்று எழுதியவர் இல்லை என்பார் சேர். பண்டிதர்கள் கத்தியைக் கைவிட்ட பிறகும் செங்கல் செய்பவரின் கை அதைக் காப்பாற்றி வைத்திருந்ததே, அதுதான் அவருக்குப் பெரிய விஷயம். எனக்கும் அப்படித்தான்.

லண்டனுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நூலகத்தில் மூன்றாம் தொகுதி கிடைத்தது. உத்தரதந்திரம் என்ற கடைசிப் பகுதி அதில்தான். கண்புரைச் சிகிச்சையை முதலில் தேடி வாசித்தேன். நோயாளியைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி உட்கார வைக்க வேண்டும். இடக் கண்ணுக்கு வலக்கையால் ஊசி, வலக் கண்ணுக்கு இடக்கையால் ஊசி. பிறகு நெய்விட்டுக் கட்டுப்போட்டு, மல்லாந்து படுக்க வைத்து, இருமாமலும் தும்மாமலும் காக்க வேண்டும். இரண்டு கையையும் சமமாகப் பழக்கியவர் எழுதியது இது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சேரிடமிருந்து பதில் வந்தது. நன்றி ஒரு வரி, மங்கலான இரண்டு பக்கங்களைத் திரும்ப எடுத்து அனுப்பு என்று அடுத்த வரி, பிறகு “எப்ப வாறாய்? வந்து ஒரு தவணை பிள்ளைகளுக்குத் தையல் பழக்கிவிட்டுப் போ.”

அடுத்த வருடம் என்று எழுதினேன். அதற்குள் 1995 ஒக்டோபர் வந்துவிட்டது. போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் சேரும் நடந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் புத்தகம் ஒன்றும் இல்லை. அவர் கற்பித்தலை மட்டும் மறுபடி தொடங்கினார், நினைவிலிருந்து. ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வியைக் கேட்டார், ஒவ்வொரு முறையும் நான் அடுத்த வருடம் என்றே எழுதினேன். ஊர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு ஆள் இல்லாமல் சனங்கள் தவித்த ஆண்டுகள் அவை. என் கையைப் பழக்கியவர் அங்கே இருந்தார், நான் இங்கே இருந்தேன். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். சேர் கரும்பலகையில் எழுதித் தந்த சுஸ்ருதர் குறிப்புகளை அப்பியாசக் கொப்பியில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிச்சயம் இருப்பார்கள். தயவுசெய்து பிரதி எடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். மூன்று தொகுதிகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் உங்கள் குறிப்புகளையும் ஓகஸ்டில் நானே கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் வைத்துவிட்டு, அந்தத் தவணை முழுவதும் பிள்ளைகளோடு நிற்கப்போகிறேன்.