லைசென்ஸுக்காகப் படிப்பதும் நோயாளிக்காகப் படிப்பதும்

நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகக் கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிறந்த மாதம் நெருங்கும்போது லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலையும் வந்து நிற்கும். மாநில வாரியம் 24 யூனிட் தொடர்கல்வி கேட்கிறது, அதில் பாதியாவது நேரடியாக நம் சிகிச்சைப் பணியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இது போக, பெயருக்குப் பின்னால் ஓடிஆர் (பதிவு பெற்ற தெரபிஸ்ட்) என்று தொடர்ந்து போட்டுக்கொள்ள, தேசியச் சான்றிதழ் வாரியமான என்பிசிஓடிக்கு மூன்று வருடத்துக்கு 36 யூனிட் காட்ட வேண்டும். ஒன்று இரண்டு வருடக் கணக்கு, இன்னொன்று மூன்று வருடக் கணக்கு என்பதால், எந்த வகுப்பை எதில் காட்டினோம் என்று குறித்து வைக்காவிட்டால் குழப்பம்தான். புளோரிடாவுக்கு மாறினால் 26 மணி நேரம், அதில் மருத்துவப் பிழைகளைத் தடுப்பது பற்றி 2 மணி, மாநிலச் சட்டவிதிகள் பற்றி 2 மணி கட்டாயம்.

ஊரில் படித்து முடித்து இங்கே வரத் தயாராகும் தம்பி தங்கைகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எங்கே மலிவாக முடிக்கலாம், வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் ஆன்லைனில் எடுத்துவிட முடியுமா, வாரியம் சான்றுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் மாட்டினால் என்ன ஆகும், இந்த மாதிரி. நியாயமான கேள்விகள்தான், நானும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த 24 யூனிட்டை எதில் செலவழிப்பது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இங்கே பல மறுவாழ்வு மையங்களில் ப்ரொடக்டிவிட்டி 85 சதவீதம், 90 சதவீதம் என்று எதிர்பார்க்கிறார்கள். அதாவது எட்டு மணி நேர வேலையில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் நோயாளியோடு செலவழித்ததாகக் கணக்கு இருக்க வேண்டும், குறிப்பு எழுதுவது, வீட்டாரிடம் பேசுவது, டாக்டரைப் பிடிப்பது எல்லாம் மிச்ச நேரத்தில். இதில் படிப்பது எங்கே? ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு வெபினார் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் கேட்கும் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ் கையில். அப்படி எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை நேரத்தில் படிக்க ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காத நிர்வாகங்கள் மேல்தான் கோபம்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் கல்லூரியில் கற்றது அப்படியே நிற்பதில்லை. ஒரு காலத்தில் பக்கவாதம் வந்தவர்களின் தோளுக்கு மேலே கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துச் செயலிழந்த கையைத் தூக்கச் சொல்வது சாதாரணமாக நடந்தது. தசைகளின் பிடி இல்லாமல் தளர்ந்து கிடக்கிற தோள்மூட்டை அது பிய்த்து எடுக்கிறது, வலியைக் கூட்டுகிறது என்று தெரிந்த பிறகு அதைக் கைவிடச் சொன்னார்கள். ஆனாலும் சில இடங்களில் சுவரில் அந்தக் கப்பி இன்னும் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டும் இருக்கிறார்.

போன முறை என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பட்டம் பெறுவதற்கு முன் குறைந்தது 24 வாரம் முழுநேரக் களப்பயிற்சி உண்டு, அதில் ஒரு பகுதிக்காக வந்தவர். தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்குப் பக்கவாதம், வலது கை. பக்கத்துப் படுக்கைக்காரர் கையில் ஸ்பிளிண்ட், அதாவது கையை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் பட்டை, இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் அம்மாவுக்கும் ஒன்று செய்து கொடுங்கள், விரல் மடங்கிப் போய்விடும் போலிருக்கிறது என்று மகள் கேட்டார். பிளாஸ்டிக் தகட்டைக் கைக்கு அளவாக வெட்டியாயிற்று, தண்ணீர்த் தொட்டி 70 டிகிரிக்குச் சூடாகிக்கொண்டிருக்கிறது, தகடு அதில் ஒரு நிமிடம் கிடந்தால் அப்பளம் போல வளையும். அப்போது அந்த மாணவி மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி முழுக்க இதைக் கட்டினால் மணிக்கட்டு இறுகாமல் இருக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கா?"

தொட்டியை அணைத்துவிட்டு, மதிய இடைவேளையில் இருவரும் சேர்ந்து தேடிப் படித்தோம். நடாஷா லானின் குழுவினர் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு, 2007ல் ஸ்ட்ரோக் இதழில் வந்தது. பக்கவாதம் வந்த 63 பேர். ஒரு பிரிவுக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட், இன்னொரு பிரிவுக்கு மேல்நோக்கி நீட்டி வைக்கும் ஸ்பிளிண்ட், மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. நான்கு வாரம் இரவில் கட்டிப் பார்த்ததில் மணிக்கட்டு இறுகுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை வைத்து ஸ்பிளிண்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, வலி அதிகமாக இருப்பவருக்கு, விரல் மடங்கி உள்ளங்கைத் தோல் புண்ணாகிறவருக்கு அது தேவைப்படலாம். இந்த அம்மாவுக்கு இரண்டும் இல்லை, ஆனால் கட்டைவிரலில் லேசாக அசைவு இருந்தது. மகளை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினோம். ஸ்பிளிண்டுக்குப் போக இருந்த நேரத்தில், வலது கையால் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் குண்டூசி குத்தும் பயிற்சி ஆரம்பித்தோம். துணி நழுவும், மறுபடி இழுத்து வைப்பார், மறுபடி நழுவும், ஆனால் சலிப்பே இல்லை அவருக்கு, தன் வேலையாயிற்றே.

அந்த இடைவேளையில் நான் படித்த அளவு பல வெபினார்களில் படித்ததில்லை. கலிபோர்னியா விதியில் இதற்கும் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாணவர்களை மேற்பார்வை செய்தால் யூனிட் உண்டு, ஒருவருக்கு வழிகாட்டியாக இருந்தாலும் வழிகாட்டலைப் பெற்றாலும் உண்டு, சக தெரபிஸ்ட்டுகளோடு படிப்புக் குழு நடத்தினாலும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு மணிக்கு ஒரு யூனிட், இவற்றில் சிலவற்றுக்கு மூன்று மணிக்கு ஒன்று என்று குறைத்துத் தருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த விகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் உள்ள பதிவை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், மணிக்கணக்கே கிடையாது. 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் கற்றது உங்கள் வேலையை எப்படி மேம்படுத்தியது, நோயாளிக்கு என்ன பலன் என்று எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். கேள்வி சரியான கேள்வி. ஆனால் மணிக்கணக்கு இல்லாவிட்டால் இங்குள்ள சில நிர்வாகங்கள் படிப்புக்கென்று தரும் கொஞ்சநஞ்சப் பணத்தையும் நிறுத்திவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது, அதனால் 24 இருக்கட்டும், கூடவே இந்தக் கேள்வியும் வரட்டும் என்பேன்.

இந்தியாவில் 2021ல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் ஆக்குபேஷனல் தெரபியும் வருகிறது. அங்கே தொடர்கல்விக்கு விதி எழுதுகிறவர்கள் படிப்புக் குழுவுக்கும் மாணவர் மேற்பார்வைக்கும் முதலிலேயே நல்ல மதிப்பெண் வைத்து எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், பிற்பாடு மாற்றுவது கஷ்டம்.

எங்கள் பிரிவில் இப்போது வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் படிப்புக் குழு நடக்கிறது, மேலாளரிடம் கேட்டுக் கேட்டு வேலை நேரத்திலேயே வாங்கியது. ஒருவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிய கேள்வியோடு வர வேண்டும், மற்றவர்கள் அதற்கேற்ற கட்டுரையோடு வர வேண்டும், தேதியும் வந்தவர்கள் பெயரும் படித்ததும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆடிட்டுக்கு அந்தத் தாள் போதும். அடுத்த வாரம் அந்தத் தோள் கப்பியைப் பற்றிப் படிக்கப் போகிறோம்.