கிளிசரின் சேர்த்த ஜெலட்டின் தகடு: ஊற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

வண்ணத்தை உருட்டி, இலை வைத்து, தாளை ஒற்றிக் கையாலேயே அச்சு எடுக்க உதவும் மெத்தென்ற பரப்புதான் ஜெலட்டின் தகடு. வெறும் தண்ணீரில் கரைத்து ஊற்றிய தகட்டிலும் அச்சு நன்றாகவே விழும். ஆயுள்தான் குறைவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஓரம் வறண்டு சுருங்கும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்குக் கிளிசரின் ஊற்றினால் இரண்டு தொல்லையும் அடங்கிவிடும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தச் செறிவில் பூஞ்சணமும் எளிதில் வளராது.

20க்கு 25 செ.மீ. தட்டுக்கு எடுத்த அளவு: சுவை, நிறம் சேர்க்காத ஜெலட்டின் தூள் 85 கிராம், கிளிசரின் 360 மி.லி., தண்ணீர் 360 மி.லி. கனம் சுமார் ஒன்றரை செ.மீ. வருகிறது. ஒரு செ.மீ.க்குக் கீழே போனால் தட்டிலிருந்து எடுக்கும்போதே கிழியும். பாக்கெட்டில் ப்ளூம் எண் (ஜெலட்டின் எவ்வளவு உறுதியாக இறுகும் என்பதைக் காட்டும் எண்) போட்டிருந்தால் 225–250 பார்த்து வாங்குங்கள். எண் குறையக் குறையத் தகடு தொளதொளவென்று ஆகிவிடும்.

தூளை முதலில் ஆறிய கிளிசரினில் கொட்டிக் கலக்க வேண்டும். நேரே வெந்நீரில் போட்டால் மேல்புறம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த தூளோடு கட்டி கட்டியாக நிற்கும். கிளிசரினில் தூள் மெதுவாகத்தான் ஊறும் என்பதால் பிரிந்து பரவ நேரம் கிடைக்கிறது. அதன்மேல் கொதிநீரை ஊற்றிக் கிளறி, முழுதும் கரையாவிட்டால் பாத்திரத்தை வெந்நீருக்குள் இறக்கி வையுங்கள். நேரடியாக அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் ஜெலட்டினின் இறுகும் தன்மை கெடும்.

பாதி வேலை குமிழிகளோடுதான். முட்டை அடிக்கும் கருவியைத் தொடவே வேண்டாம். தட்டையான கரண்டியால் அடியோடு ஒட்டி மெதுவாகக் கிளறினால் போதும். வெந்நீருக்குள் பத்து நிமிடம் அப்படியே விட்டால் நுரை மேலே திரளும். அதை வழித்துவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, தட்டுக்கு மிக அருகில் பிடித்து ஊற்றுங்கள். மீந்த குமிழிக்கு, தட்டின் அகலத்துக்கு வெட்டிய செய்தித்தாள் பட்டை ஒன்றே போதும். பட்டையின் விளிம்பு மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால் குமிழிகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இறுகத் தொடங்கிய பிறகு இழுத்தால் கோடு விழும்.

ஊற்றும் முன்பே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சரிந்தால் அந்த மூலையில் அச்சு வெளிறும். இறுகிய பின் மெல்லிய கத்தியால் ஓரத்தை விடுவித்துக் கவிழ்த்தால் அடிப்புறமே வழுவழுப்பான முகம். ஆகவே தட்டின் அடி சமமாக இருக்க வேண்டும். அடியில் புடைத்த முத்திரை இருந்தால், இருமுறை திரும்பி, ஒவ்வொரு அச்சிலும் நேராகவே வாசிக்கும்படி வெள்ளை எழுத்தாக விழும்!

அக்ரிலிக் வண்ணத்தை ரோலரில் மிக மெல்லிதாகத்தான் தேய்க்க வேண்டும். உருட்டும்போது சளசளவென்று ஈரச் சத்தம் கேட்டால் வண்ணம் அதிகம். இலை நரம்புகள் அதில் மூழ்கிவிடும். இலையை வைத்து ஒரு தாளில் ஒற்றி எடுத்து, பிறகு இலையை நீக்கி இரண்டாவது தாள் போடுங்கள். நரம்புகள் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான்.

ஈரக்காற்று நாட்களில் கிளிசரின் ஈரத்தை இழுத்துத் தகடு வியர்க்கும், வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு உருட்டுங்கள். எடுத்து வைக்கும்போது இருபுறமும் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் போதும். குமிழி உறையில் சுற்றினால் அந்தக் குமிழித் தடம் தகட்டிலேயே பதிந்துவிடும்.

கீறல் விழுந்தால் தகட்டைத் துண்டு போட்டு, பாத்திரத்தோடு வெந்நீருக்குள் வைத்து இளக்கி, வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். புதிதாக ஊற்றிய அன்றே தகட்டை எடை போட்டுக் குறித்து வைத்திருங்கள். இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 900 கிராம் வரும். கிளிசரின் ஆவியாகாது, குறைந்த எடையெல்லாம் தண்ணீர்தான். இளக்கும்போது அந்த அளவு தண்ணீரை மட்டும் சேர்த்தால் பழைய பதம் வந்துவிடும்.